எண் அல்லாத பதில்

"ஐயா, பதினாலு ஏழு எவ்வளவு?"

"தொண்ணூற்றெட்டு. ஏன், ஆருக்குப் பங்கு பிரிக்கப் போறாய்?"

கரம்பொன் கிராமத்தில் எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் தொடங்கும். கேட்பது நான். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பதில் சொல்பவர் என் தகப்பனார். ஒழுங்கையால் போகிறவர்கள் கேட்டால், மகளுக்குக் கணக்கு வராது, தகப்பன் பழக்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஐயா புத்தி தெளிந்து இருக்கிறாரா என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயா மலாயாவில் ரயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். வரும்போது சலரோகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபதுகளில் அது குளிசைக்குக் கட்டுப்படாமல் இன்சுலின் ஊசியில் வந்து நின்றது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தம்பி லண்டனில். வீட்டில் ஐயாவும் நானும் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் தோடம்பழத்தில் குத்திக் காட்டி எனக்கு ஊசி போடப் பழக்கினார். தோடம்பழம் கத்தாது. ஐயா கத்துவார். ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு வெறுப்பு.

ஊசிக்கு முன் சலத்தை, அதாவது சிறுநீரை, சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, சில துளி சலம் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு மேல் மஞ்சள், பிறகு தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம், கடைசியில் செங்கல் நிறம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. ஆஸ்பத்திரி அட்டையில் நிறத்தின் பெயரை எழுதமாட்டார்கள், கூட்டல் குறி போடுவார்கள். பச்சைக்கு ஒரு குறி, மஞ்சளுக்கு இரண்டு, தோடம்பழ நிறத்துக்கு மூன்று, செங்கலுக்கு நாலு. எத்தனை குறிக்கு எவ்வளவு ஊசி மருந்து என்று டொக்டர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நீலமாக இருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம். இன்சுலின் போத்தல் சூடாகாமல் ஈர மணல் போட்ட பானைக்குள் இருக்கும். எல்லாவற்றையும் நானே செய்தேன், ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து.

நான் பயந்தாங்கொள்ளிதான். அதை மறைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. படலையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஊசியில் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்ப்பேன். "ஊசி போட முதல் என்னைச் சாகடிச்சுப் போடுவாய்" என்று ஐயா சொல்வார்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் உடம்பில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். அதை முதன்முதலில் கண்டது கிணற்றடியில். வாழைக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று ஐயா போயிருந்தார். எத்தனை வாளி அள்ளினீர்கள் என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"ஈப்போ ரயில் போயிட்டுதோ?" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, என்னைத் தெரியவில்லை. சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. கயிறு கையிலிருந்து நழுவி வாளி கிணற்றுக்குள் விழுந்தது. எப்படி அவரைக் கட்டிப் பிடித்து இருத்தினேன், எப்படிக் குசினிக்கு ஓடிச் சீனித் தண்ணீர் கரைத்தேன் என்று இன்றைக்கும் சரியாக ஞாபகம் இல்லை. மூக்குப்பேணியின் மூக்கை அவர் வாய்க்குள் வைத்து மெல்ல மெல்லப் பருக்கினேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. "என்ன பிள்ளை, ஏன் அழுகிறாய்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்துதான் கணக்குக் கேட்கத் தொடங்கினேன். சுகமா என்று கேட்டால் எந்த நிலையிலும் சுகம் என்றுதான் சொல்வார். கணக்கில் அப்படித் தப்ப ஏலாது. ஒரே கணக்கையும் நான் கேட்பதில்லை. பழகிய கணக்கென்றால் புத்தி இல்லாமலே நாக்குச் சொல்லிவிடும். சரியான விடை வந்தால் சுகம். பிழையான விடை வந்தாலும் நான் அவ்வளவு பயப்படமாட்டேன், ஏனென்றால் ஐயா என்னைச் சீண்டுவதற்காகவே சில நாட்களில் பிழையாகச் சொல்வார். கேட்டது கணக்கு என்று விளங்கிய மனிதர்தான் பிழையாகவும் சொல்லமுடியும். எண்ணைக் கேட்க எண் அல்லாத ஒன்று வந்தால்தான் ஆபத்து. அப்போது யோசிக்காமல் சீனித் தண்ணீர் எடுப்பேன். சந்தேகம் என்றால் சீனியைக் கொடு என்றுதான் ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சோளகம் வீசும் காலத்தில், தம்பி லீவில் வந்தான். எல்லாரும் லண்டனிலிருந்து சீலையும் சவுக்காரமும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு கணினியைக் கொண்டுவந்தான். புத்தகம் அளவில் ஒரு பெட்டி, அதன் மேல் தட்டெழுத்து யந்திரத்தில் இருப்பதுபோல எழுத்துக் கட்டைகள். கூடவே சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, கசற் ரெக்கோடர் ஒன்று. எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்து அதிக காலம் ஆகவில்லை. வயர்களை எல்லாம் கொழுவி அவன் அதை எழுப்பியபோது நான் விறாந்தையில் போய் நின்றுகொண்டேன். வெடித்தால் ஒருவராவது மிஞ்சவேண்டும் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஐயாவுக்கோ தலைகால் தெரியாத புளுகம். தட்டெழுத்து அவருடைய பழைய தொழில் அல்லவா? தம்பி அவருக்காகவே ஒரு புரோகிராம் எழுதினான். டொக்டர் தந்த தாளில் இருந்ததை எல்லாம் அதற்குள் போட்டான். இன்று சீனி எத்தனை என்று திரையில் ஆங்கிலத்தில் கேள்வி வரும். சைபரிலிருந்து நாலு வரைக்கும் ஒரு எண்ணைத் தட்டினால், முந்திய நாட்களின் எண்களையும் காட்டி, இன்றைக்கு எவ்வளவு ஊசி என்று சொல்லும். தம்பி பக்கத்தில் இருந்து இரண்டு என்று தட்டினான், மூன்று என்று தட்டினான். நானும் பயந்து பயந்து ஒன்று என்று தட்டிப் பார்த்தேன். டொக்டர் எழுதியபடியே சரியாகச் சொன்னது.

மறுநாள் ஐயா தானே தட்டுகிறேன் என்று இருந்தார். திரையில், முதலிலிருந்து திரும்பச் செய் என்று ஒரு வரி வந்தது. இன்னொரு தரம் தட்டினார். அதே வரி. அவ்வளவுதான், ஐயா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார்.

"என்னைத் திரும்பச் செய்யச் சொல்ல இது ஆர்? கந்தோரில வெள்ளைக்காரன்கூட என்ர வேலையை ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை!"

குசினிக்குள் நின்ற எனக்கே அது கேட்டது. தம்பி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தான். அவன் வருவதற்குள் ஐயா எதையோ அமத்தித் திரையை வெறுமையாக்கிவிட்டார். விரல் தவறியிருக்கும் என்று தம்பி நினைத்தான். கிழவரைச் சமாதானப்படுத்த வேண்டுமே. "அது சரியான மரியாதை கெட்ட வசனம் ஐயா, நான் அதை எடுத்துவிடுறன்" என்று சொல்லி, அன்று பின்னேரம் புரோகிராமை மாற்றினான். அதன்பிறகு அது ஒருவரையும் திரும்பச் செய்யச் சொல்லவில்லை. எதைத் தட்டினாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு பதில் சொன்னது.

அடுத்த நாள் தம்பி நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டான். அங்கே அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, இவனைக் காணாமல் கண் மூடமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தார். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு எடுத்துப் போனவன் குறித்தபடி திரும்பி வரவில்லை. சோளகம் முறுகி, கடல் கொந்தளித்து, லோஞ்ச் ஓடவில்லை என்று சந்தையில் சொன்னார்கள். வீட்டில் மறுபடியும் ஐயாவும் நானும். இந்தமுறை கணினியும்.

அது வந்தபிறகு ஐயா என்னைச் சோதனைக்குக் கிட்ட விடவில்லை. தானே விளக்குக் கொளுத்துவார், தானே கொதிக்க வைப்பார், தானே போய்த் தட்டுவார். நான் ஊசியை அவித்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

"இண்டைக்கு ஊசி வேண்டாமாம், பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"அதுதான் சொல்லுது."

"நிறம் என்ன ஐயா?"

"அதெல்லாம் மெசினுக்குச் சொல்லியாச்சு."

"எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"உனக்குச் சொன்னால் நீ பயப்படுவாய். அது பயப்படாது."

ஊசி இல்லாத நாள் அவருக்குத் தீபாவளி மாதிரி. அடுத்த நாளும் வேண்டாமாம் என்றார். அதற்கடுத்த நாளும். முந்தி எப்போதாவது ஒருநாள்தான் நீலமாக வரும். இப்படித் தொடர்ந்து வருமா? ஆனால் காலையில் கணக்குக் கேட்டால் சரியாகச் சொன்னார். பதினெட்டு ஒன்பது நூற்றி அறுபத்திரண்டு என்று படாரென்று வந்தது. தம்பி லண்டனிலிருந்து கொண்டுவந்த யந்திரத்தைவிடவா எனக்குக் கூடத் தெரியும் என்று என்னை நானே அடக்கினேன். அடங்கியது வாய்தான்.

தண்ணீர் நிறையக் குடித்தார். செம்பை வைக்க வைக்க வெறுமையானது. சோளகக் காற்று வறட்டுது என்றார். அடிக்கடி சலம் போக எழும்பவேண்டியிருந்ததால் கட்டிலடியில் ஒரு போத்தல் வைத்துக்கொடுத்தேன்.

ஒருநாள் மத்தியானம் சோற்றைத் தொடாமல் போய்ப் படுத்தார். நான் சோற்றுக் கோப்பையை மூடிவிட்டு அறைக்குள் போனேன். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு ஆழமாக, ஓடிவந்தவர் விடுவதுபோல வந்துகொண்டிருந்தது.

"ஐயா, பதின்மூண்டு பதின்மூண்டு எவ்வளவு?"

"தண்ணி," என்றார்.

"தண்ணி தாறன். முதல் சொல்லுங்கோ. பதின்மூண்டு பதின்மூண்டு?"

"தண்ணி."

எண் வரவில்லை. என் கால்கள் தாமாகக் குசினிக்கு ஓடின. சீனிப் போத்தலைத் திறந்து, அள்ளி மூக்குப்பேணிக்குள் போட்டு, கரையுமுன்னே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அவர் தலையை என் மடியில் வைத்தேன். பேணியின் மூக்கு அவர் உதட்டில் முட்டியபோது ஒரு மணம் வந்தது. அளிந்த பழத்தின் மணம். அவர் மூச்சிலிருந்துதான் வந்தது.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை. காய்ந்த ஓலைபோல இருந்தது. கிணற்றடியில் அன்றைக்குச் சட்டை பிழியப் பிழிய வேர்த்திருந்ததே? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி போட்டால்தானே சீனி இறங்கும். இவருக்கு ஊசி போட்டு நாளாகிறதே. ஊசியே போடாத உடம்பில் சீனி எப்படி இறங்கும்?

பேணியைப் பிடித்த கை அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சீனி இறங்கியிருந்தால், இந்தத் தண்ணீர் கொடுக்காவிட்டால் ஐயா போய்விடுவார். ஏறியிருந்தால், இதைக் கொடுத்து நானே அனுப்பிவிடுவேன். இரண்டுக்கும் அவர் சொன்னது ஒரே பதில்தான். எண் அல்லாத பதில் வந்தால் சீனி குறைந்துவிட்டது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஏதோ பிழை என்று மட்டும்தான் அது சொல்லும், என்ன பிழை என்று சொல்லாது என்பது அந்த நேரம் வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை. காற்று ஓலை வேலியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய்விட்டே அழுதேன்.

கட்டிலடியில் போத்தல் இருந்தது. அதைக் கண்டதும் பேணியைக் கீழே வைத்தேன். நீல மருந்தைக் குழாய்க்குள் விட்டேன், பாதி நிலத்தில் சிந்தியது. துளிகளைச் சேர்த்தேன். நெருப்புக்குச்சி ஒன்று முறிந்தது, இன்னொன்று அணைந்தது, ஒருவழியாக விளக்குப் பற்றியது. குழாயைச் சுடரில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலமாக நில், நீலமாக நில் என்று அந்தக் குழாயிடம் கெஞ்சினேன். பச்சை வந்தது. இதோடு நில் என்றேன். மஞ்சளாகி, மஞ்சள் கலங்கி, தோடம்பழ நிறமாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே புதுச் செங்கல்லைக் கரைத்து ஊற்றினதுபோல ஆனது.

சீனித் தண்ணீரை யன்னலுக்கால் ஊற்றினேன். பேணியும் கையிலிருந்து போய் முற்றத்தில் விழுந்தது.

ஊசி போடலாம். ஆனால் எவ்வளவு? டொக்டர் தந்த தாளைத் தம்பி கணினிக்குள் போட்டபிறகு எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. அலுமாரியைக் கிளறினேன், லாச்சியை இழுத்துக் கொட்டினேன், கிடைக்கவில்லை. முன்அறையில் கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஐயா காலையில் தட்டியதெல்லாம் திரையில் அப்படியே நின்றது.

இன்று சீனி எத்தனை என்ற கேள்வி. அதன் பக்கத்தில் ஐயா தட்டிய பதில்: ++++

கீழே கணினியின் வரி. சீனி சைபர். இன்று ஊசி வேண்டாம்.

மேலே முந்திய நாளின் +++ இருந்தது. அதன் கீழும் சைபர்தான். ஐயா பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் எப்படி எழுதுவார்களோ அப்படியே, ஒரு குறி கூடாமல் குறையாமல் தட்டியிருக்கிறார். அந்தப் பெட்டி அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல், ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறது. நாலு என்று நான் தட்டிப் பார்த்திருக்கலாம், சரியான அளவு வந்திருக்கும். அந்த நேரம் அதைத் தொடவே எனக்குத் துணிவு வரவில்லை.

குழாயைக் கையில் பிடித்தபடி ஒழுங்கைக்கு ஓடினேன். முன்வீட்டுக்காரர் வாடகைக் கார் வைத்திருந்தார். அவரும் மனைவியுமாக ஐயாவைத் தூக்கி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் மட்டும் ஒரு கையால் ஐயாவின் தலையையும் மறுகையால் குழாயையும் பிடித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் வந்தார். குழாயை நீட்டினேன். அவர் ஒருமுறை பார்த்தார், ஐயாவின் மூச்சை முகர்ந்து பார்த்தார், அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு பேசவில்லை. எல்லாரும் ஓடித் திரிந்தார்கள்.

நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நடுங்கினேன். சுவரில் சாய்ந்தால் நடுக்கம் சுவருக்கும் போவதுபோல இருந்தது. அம்மா போனபோது நான் அழுதேனே தவிர நடுங்கவில்லை, ஏனென்றால் எல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னார்கள். இது முடியவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உயிர் போய் வந்தது.

வெயில் தாழ்ந்தபிறகு நேர்ஸ் வந்து கூப்பிட்டார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க ஐயா கண்ணை மூடிக் கிடந்தார். கட்டிலருகே குனிந்து, எனக்கே கேட்காத குரலில், "ஐயா, பதின்மூண்டு பதின்மூண்டு எவ்வளவு?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்தது.

"நல்லாப் பயந்திட்டியோ, பிள்ளை?"

நேர்ஸ் சிரித்தார். அப்பா தெளிந்துவிட்டார், இனிப் பயமில்லை என்றார். எனக்கு அது போதவில்லை. அவர் சொன்னது எவ்வளவு அன்பான வார்த்தை என்று எனக்கும் விளங்கியது. ஆனாலும் அது எண் இல்லையே.

"அதில்லை ஐயா. எண்ணைச் சொல்லுங்கோ."

"விடமாட்டாய்."

"விடமாட்டன். சொல்லுங்கோ."

வறண்ட உதட்டை நக்கிக்கொண்டார். "நூற்றி அறுபத்தொன்பது," என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

தம்பி தீவிலிருந்து வந்தபோது ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். கடலில் நனைந்த சட்டையோடு படலைக்குள் நுழைந்தவனை நான் முன்அறைக்கு இழுத்துக்கொண்டு போய், ++++ என்று தட்டிக் காட்டினேன். சீனி சைபர் என்று வந்தது. அவன் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன்.

"முதல் நான் எண்ணைத்தான் தா எண்டு கேட்டு எழுதியிருந்தனான், அக்கா. எண்ணில்லாட்டி அதுவே திரும்பச் செய் எண்டு சொல்லும். ஐயாவுக்குக் கோவம் வந்திட்டுதெண்டு, எழுத்தாக வாங்கி எண்ணா மாத்திற கட்டளையைப் போட்டன். அந்தக் கட்டளை எண்ணில்லாததைக் கண்டால் பேசாமல் சைபர் எண்டு வைச்சிடும்."

"தெரியாது எண்டு சொல்லாதோ?"

"சொல்லாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத ஒரு சாமானிடமா என் ஐயாவைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் நின்றேன்? தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை மேற்கொண்டு ஏச எனக்கு மனம் வரவில்லை.

ஐயாவிடமும் கேட்டேன். நாலு குறி என்றால் செங்கல் நிறம் என்று உங்களுக்குத் தெரியாதா, ஊசி வேண்டாம் என்று அது சொன்னபோது ஒரு சந்தேகமும் வரவில்லையா என்று. தலையணையில் சாய்ந்தபடி சற்று யோசித்தார்.

"உள்ளதை உள்ளபடி எழுதுறதுதான் கிளாக்கற்ற வேலை, பிள்ளை. முடிவு எடுக்கிறது மேலிடம்."

வாழ்க்கை முழுவதும் அப்படியே வேலை செய்து பென்சன் வாங்கியவர்.

அன்று முழுவதும் தம்பி கணினிக்கு முன்னால் இருந்தான். வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாமே இலக்கமாக இருந்தால்தான் ஏற்கும்படி மாற்றினான். முடிந்தது என்றான். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஒண்டும் தட்டாமல் விட்டால்?"

தட்டாமல் விட்டுப் பார்த்தான். சைபர் என்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் திருத்தினான்.

"ஏழு எண்டு தட்டினால்? ஏழும் எண்தானே. நாலுக்கு மேல ஒரு நிறமும் இல்லையே."

திருத்தினான்.

"ரெண்டு எண்டு எழுத்தில எழுதினால்? ரெண்டுக்குப் பக்கத்தில ஒரு கூட்டல் குறியும் போட்டால்? மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில இருக்கெண்டு ஒண்டரை எண்டு போட்டால்? சைபருக்குப் பதிலா ஓ எண்ட எழுத்தை அமத்தினால்?"

"அக்கா, உனக்குப் பயம் கூடிப்போச்சு."

"கூடத்தான். அதையும் அதுக்குள்ள எழுது."

பிற்காலத்தில் நானும் கடல் கடந்து போய் அந்தத் தொழிலையே படித்தேன். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களுக்குள் எதை எதையெல்லாம் தட்டிப் பார்க்கலாம் என்று யோசிப்பதுதான் என் வேலையாக இருந்தது. நல்ல சம்பளம் தந்தார்கள். நான் படித்தது குறைவு, பயந்ததுதான் அதிகம் என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

தம்பி கடைசியாக ஒன்று செய்தான். எண் அல்லாத எதைக் கண்டாலும் திரையில் ஒரு வரி வரவேண்டும். ஆங்கில எழுத்தில், ஆனால் எங்கள் பேச்சில்: விளங்கேல்லை ஐயா, இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஐயாவைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினோம். வேண்டுமென்றே ++ என்று தட்டினார். வரி வந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து எழுத்துக் கூட்டி வாசித்தார். கோபிக்கப் போகிறார் என்று தம்பி என்னைப் பார்த்தான்.

"இதுவும் உன்ர அக்காவை மாதிரிப் பயந்ததாப் போச்சு," என்றார் அவனிடம். கொஞ்சம் பொறுத்து, இரண்டு என்று தட்டினார்.

லீவு முடிந்து தம்பி போனான். கணினி ஐயாவின் அறையில் இருந்தது. சோதனையை மறுபடியும் நான்தான் செய்தேன், தட்டுவது மட்டும் அவர். டொக்டரிடம் புதிதாக ஒரு தாள் எழுதி வாங்கி, குசினிச் சுவரில் பசை பூசி ஒட்டினேன். கணினி சொல்வதையும் தாள் சொல்வதையும் பொருத்திப் பார்த்தபிறகுதான் ஊசியைத் தொடுவேன். காலையில் கணக்கும் கேட்பேன். அதை மட்டும் எந்த யந்திரத்துக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் மாடு கட்டவிழ்ந்து பக்கத்து வளவுக்குள் போய்விட்டது. அதைத் துரத்திப் பிடித்து, அவர்களிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு அடுப்பு, பிறகு ஊசி அவிப்பு. எல்லா அமளியிலும் ஒன்று மறந்துபோனது. விறாந்தையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"பிள்ளை."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. கையில் பிடித்திருந்த அகப்பையோடு ஓடினேன். என்ன ஐயா, என்ன செய்யுது என்று கேட்டேன். ஐயா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைவிட அவர்தான் அன்றைக்கு அதிகம் பயந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"இண்டைக்கு நீ என்னைக் கேக்கேல்லை," என்றார்.

கேட்டேன். சரியான விடையைச் சொன்னார். எதற்கும் இன்னொரு தரம் கேட்டேன்.